பீங்கான் என்று எழுதிவைத்தால் போதுமா?

போன மாதம் தென்மாவட்ட அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ஓட்டுச் சில்லுகள். ஒன்று வெள்ளையில் நீலக் கோடு. இன்னொன்று பாசிப்பச்சைப் பூச்சு, உடைந்த இடத்தில் சாம்பல் நிறம். மூன்றாவது விரல் தடிமனில், ஏதோ பெரிய பழுப்பு ஜாடியின் தோள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே அட்டை: "சீனப் பீங்கான் ஓடுகள்". நூற்றாண்டு கூடப் போடவில்லை.

கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது உறுத்தும். மூன்று டைப் டேட்டாவை ஒரே வேரியபிளில் திணித்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் காரமாக ஒரு பதிவு எழுத உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க என் காரத்திலும் பாதி தப்பு என்று தெரிந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடிப்படை விஷயம், சுட்ட மண் தண்ணீர் குடிக்குமா குடிக்காதா என்பதுதான். நம் பானை பெரும்பாலும் 1000 டிகிரிக்குக் கீழே வெந்தது. உள்ளே நுண்துளைகள் அப்படியே இருக்கும், தண்ணீர் கசிந்து ஆவியாகும், அதனால்தான் குளிர்கிறது. பானைக்கு அது குறை இல்லை, அதுதான் அதன் வேலை. 1200 முதல் 1300 டிகிரி வரை தாங்கும் மண்ணாக இருந்தால் உடல் இறுகி, துளைகள் அடைபடும். இதுதான் ஸ்டோன்வேர். நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பு கீழே வெள்ளை, இந்த வகைதான். புளிப்பும் உப்பும் வருஷக்கணக்கில் ஊறினாலும் அசையாது. அதையும் "பீங்கான் ஜாடி" என்றுதான் சொல்கிறோம். போர்சலினுக்கு மண்ணே வேறு: இரும்பு மிகக் குறைந்த வெள்ளைக் களிமண். கயோலின் என்ற பெயரே சீனாவின் ஜிங்டெஜென் பக்கத்திலுள்ள காவ்லிங் என்ற இடத்திலிருந்து வந்தது. சுமார் 1300 டிகிரியில் உள்ளேயே கண்ணாடி உருவாகி, மெல்லிய தட்டின் பின்னால் மொபைல் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும்.

அதிகச் சூடு என்றால் அதிகத் தரம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த ஏணியை போன் சைனாவே உடைத்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் ஸ்போட் குடும்பத்தார் நிலைநிறுத்திய கலவை அது, ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல். போர்சலினைவிடக் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். ஆனாலும் வெண்மையிலும் ஒளி ஊடுருவுவதிலும் அதற்குச் சளைத்ததில்லை. (எங்க பெரியம்மா சுத்த சைவம். யாரோ கொடுத்த போன் சைனா செட்டை பத்து வருஷம் ஆசையாக வைத்திருந்தார். பெயருக்கு அர்த்தம் கேட்டார், நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செட் இப்போது பரணில்.)

இனி என் தப்பு. பாசிப்பச்சைச் சில்லு செலடான், அது ஸ்டோன்வேர், அதைப் பீங்கான் என்று எழுதியது பிழை என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு. ஆனால் சீன மொழியில் பிரிவே இரண்டுதான்: தாவ், த்ஸு. முன்னது சுடுமண், பின்னது இறுகி வெந்து, தட்டினால் கணீரென்று ஒலிப்பது. அந்தக் கணக்கில் செலடானும் வெள்ளைத் தட்டும் ஒரே இனம். வெள்ளையாக இருக்கணும், ஒளி ஊடுருவணும் என்பது ஐரோப்பியர் வைத்த அளவுகோல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசனில் பெரும்பாடுபட்டுத்தான் அந்த வெள்ளையைப் பிடித்தார்கள். போதாக்குறைக்கு, பீங்கான் என்ற நம் சொல்லே பாரசீகத்துப் பிங்கானிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் கிண்ணம். பாத்திரத்தின் பெயர் வழியில் எங்கோ மண்ணின் பெயராகிவிட்டது. ஆக, அட்டை எழுதியவரை இதில் மன்னித்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பழுப்பு ஜாடியை மன்னிக்க முடியவில்லை. இந்தோனேசியக் கடலில் 1998ல் கண்டெடுத்த பெலிதுங் கப்பல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருளாக அடுக்கியிருந்தார்கள். அதாவது கிண்ணம் சரக்கு, ஜாடி பேக்கிங். அருங்காட்சியகச் சில்லு வேறு காலத்ததாக இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்: இது விற்க வந்ததா, வேறு எதையாவது சுமந்து வந்ததா? செலடானிடம் கேட்க வேண்டியது வேறு: யார் வாங்கினார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள்? ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகளை நொபோரு கராஷிமா போன்றோர் ஆராய்ந்தபோது, லாங்சுவான் செலடான் எவ்வளவு, மற்றவை எவ்வளவு என்று வகை பிரித்துத்தான் வணிகத்தைப் பற்றிப் பேச முடிந்தது. எல்லாவற்றையும் பீங்கான் என்று கொட்டி வைத்திருந்தால் அந்தப் பேச்சே ஆரம்பித்திருக்காது.

இதற்கு லேப் எல்லாம் தேவையில்லை. உடைந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர், உறிஞ்சுகிறதா? உடலின் நிறம் என்ன? பின்னால் விளக்குப் பிடித்தால் வெளிச்சம் வருகிறதா? அட்டையில் மூன்று வரிகள் கூடும், அவ்வளவுதான். "தடித்த ஸ்டோன்வேர், பழுப்புப் பூச்சு, சேமிப்பு ஜாடியின் தோள்பகுதி" என்று நானே ஒரு மாதிரி எழுதி, பார்வையாளர் பதிவேட்டில் ஒட்டிவிட்டு வரலாம் என்று அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். பதிவேட்டில் பேனா இல்லை. காவலாளி அண்ணனிடம் வாங்கி எழுதினேன். "எந்த ஜாடி சார்?" என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். "இது எங்க வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரில்ல இருக்கு" என்றார்.