ஏழையின் வக்கீலுக்கு யார் சம்பளம் தருவது?

கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993-இல் அடித்துக் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் வழக்கறிஞர் சந்துரு. கட்டணம் வாங்கவில்லை. 2021 நவம்பரில் அந்த வழக்கைக் கதையாக்கிய ‘ஜெய் பீம்’ படம் வெளிவந்தபோது தமிழ்நாடே அந்த வக்கீலைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டிய ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “நானும் இந்த மாதிரி வக்கீலாகணும்” என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவி முடிவெடுத்தால், மறுநாள் காலையில் அவள் எந்த அலுவலக வாசலில் போய் நிற்பது?

சந்துருவுக்கு ஒரு வாசல் இருந்தது. எழுபதுகளின் சென்னையில், தொழிலாளிகளும் ஏழைகளும் தயங்காமல் ஏறிவரக்கூடிய ரோ அண்ட் ரெட்டி அலுவலகம் அவரை வளர்த்தது. இடதுசாரி இயக்கத் தொடர்பு கூடவே இருந்தது. அப்படிப்பட்ட வாசல்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. இந்தியாவில் ஏழைக்காக வாதாடுவதை ஒரு தியாகமாகத்தான் பேசி வந்திருக்கிறோம், ஒரு வேலையாக அல்ல. தியாகம் செய்ய முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் இந்தப் பணி பெரும்பாலும் வீட்டில் வசதி உள்ளவர்களுக்கும், ஓர் அமைப்பின் துணை உள்ளவர்களுக்கும், பட்டினிக்கு அஞ்சாத சில அபூர்வ மனிதர்களுக்கும் மட்டுமே வாய்த்தது. ஏழைகளின் தெருவிலிருந்தே படித்து மேலே வந்தவருக்கு, அந்தத் தெருவுக்காக வாதாடும் வசதி இல்லாமல் போனது.

‘பொதுநலம்’ என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் உண்டு. பொதுநல வழக்கு என்றதும் நம் மனத்தில் வருவது உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வும், மாலைச் செய்தியில் வரும் உத்தரவும்தான். அது இந்த வேலையின் ஒரு மூலை. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரைகளைப் படித்துவிட்டு, புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று பெயர் பெற்ற அதிலிருந்துதான் பொதுநல வழக்கின் கதையைப் பலரும் தொடங்குவார்கள். ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது? சாதாரண ஜாமீனைப் பற்றியது. கீழமை நீதிமன்றத்தில் அன்றன்று ஒரு வக்கீல் எழுந்து நின்றிருந்தால், உச்ச நீதிமன்றம் வரை வந்திருக்கவே வேண்டாத விஷயம். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 இறுதியில், நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். பொதுநல வக்கீல் தேவைப்படும் இடம் எது என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது.

எந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ரிமாண்ட் நேரத்தில் ஓரமாக நின்று பார்த்தால் போதும். கைவிலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஒருவன் உள்ளே வருவான். சட்டையில் இரவின் அழுக்கு அப்படியே இருக்கும். “வக்கீல் வச்சிருக்கியா?” என்று கேள்வி வரும். அவன் தலையாட்டுவது ஆமாம் என்றா இல்லை என்றா, யாருக்கும் புரியாது. போலீஸ்காரர் நீட்டும் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ விழும். பதினைந்து நாள். அடுத்த ஆள். முழுவதும் நடந்து முடிய இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தில், “அடித்தார்களா? எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்? வீட்டுக்குச் சொன்னார்களா?” என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் சில நேரம் ஓர் உயிரே தொங்குகிறது. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் அம்மாவுக்கு மகன் உள்ளே போனதும் தெரியாது, வேனில் ஏற்றியதும் தெரியாது.

இந்த இடத்துக்கு ஓர் இளம் வக்கீல் வந்து சேர்வதற்குள் எத்தனை சுங்கச்சாவடி! பார் கவுன்சிலில் பதிவு செய்ய 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் சொல்லும் தொகை 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். மாநில பார் கவுன்சில்கள் வாங்கியதோ பதினைந்தாயிரத்தில் தொடங்கி, ஒடிசாவில் நாற்பதாயிரத்தையும் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில், சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000. இரண்டும் நல்ல தீர்ப்புகள். முதலாவது உடனே பலன் தரக்கூடியது. இரண்டாவதைச் செயல்படுத்துவது கடினம், ஏனென்றால் தாலுகா கோர்ட்டில் பல சீனியர்களின் வருமானமே அந்த அளவைத் தாண்டுமா என்பது சந்தேகம். அங்கே ஜூனியருக்குக் கிடைப்பது பஸ் காசும் மதியச் சாப்பாடும். ‘தொழில் கத்துக்கிற நேரத்துல சம்பளம் எதுக்கு?’ என்ற பேச்சு இன்னும் சேம்பர்களில் சாகவில்லை. அப்பாவும் வக்கீலாக இருக்கும் பையன் அதைத் தாங்குவான். விடுதி வாடகை கட்ட வேண்டிய பெண் ஆறு மாதத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவாள்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022-இல் விரிவாக்கிய சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தின் அருமை புரியும். அதற்கு முன்பு இலவச சட்ட உதவி என்றால் பேனல் வக்கீல்தான். பட்டியலில் பெயர் இருக்கும், முறை வரும்போது ஒரு கேஸ் கட்டு வரும், முடிந்தபின் சில ஆயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சொந்தக் கட்சிக்காரரின் வழக்கு அதே நேரத்தில் பக்கத்து கோர்ட்டில் கூப்பிட்டால் அவர் எங்கே ஓடுவார் என்பதில் வியப்பில்லை.

அந்த முறையின் உச்சக் கொடுமை மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் நடந்தது. அனோக்கிலால் என்ற இளைஞர் மீது 2013-இல் ஒரு சிறுமியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டும் பதிவானது. கட்டைப் படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. இரண்டே வாரத்தில் விசாரணை முடிந்து தூக்கு தண்டனை. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. தூக்கு அல்லது ஆயுள் வரை போகக்கூடிய வழக்குகளில், நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. பதினோரு ஆண்டு சிறைக்குப் பிறகு, 2024-இல், அனோக்கிலால் விடுதலையானார். ஒரு வக்கீலுக்கு ஒரு வார அவகாசம் மறுத்ததற்கு ஒரு மனிதன் தந்த விலை அது.

புதிய திட்டம் இந்த ஓட்டையைச் சரியான இடத்தில் அடைக்கிறது. மாவட்டந்தோறும் ஒரு முழுநேர அலுவலகம். தலைமை வழக்கறிஞர், துணை வழக்கறிஞர்கள், உதவி வழக்கறிஞர்கள் என்று மூன்று படி. மாதச் சம்பளம் உண்டு, தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. இன்று அறுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இது நடக்கிறது. இளையவர்களுக்கு முக்கியமானது கடைசிப் படி: பதிவு செய்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவருக்கும் அதில் இடமுண்டு. யாரையும் தெரியாத, பின்புலம் இல்லாத முதல் தலைமுறை வக்கீல், முதல் மாதமே ரிமாண்டுக்கு நிற்கலாம், ஜாமீன் மனு போடலாம், சிறைக்குப் போய்க் கட்சிக்காரரிடம் பேசலாம், பத்தாண்டு அனுபவசாலி பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு விசாரணையைக் கற்கலாம். பெரிய சேம்பரில் நான்கு ஆண்டு வாய்தா வாங்கியும் கிடைக்காத பயிற்சி இது. சுதந்திரத்துக்குப் பிறகு ஏழைக்கான வக்கீல் வேலைக்கு அரசு திறந்த வாசல்களில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஆனால் வாசலைப் பாதி திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில், வேலையின் நிலை. எடுத்தவுடன் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பு. பணி உயர்வு, ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. அதே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிரே நிற்கும் அரசு உதவி வழக்கு நடத்துநரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அவர் தேர்வாணையம் வழியாக வந்த நிரந்தர அரசு ஊழியர். குற்றம் சாட்டுபவருக்கு நிரந்தர வேலை, காப்பாற்றுபவருக்கு ஒப்பந்தம். ஒரே அறையில், ஒரே வழக்கில், அரசே இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டு இப்படி ஒரு வேறுபாட்டை வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. மூன்றாவது ஆண்டில், தொழில் கையில் நன்றாகப் படிந்த நேரத்தில், அந்த உதவி வழக்கறிஞர் வேறு வேலைக்குப் போவார். அவர் கையில் இருந்த கட்டுகள் புதியவரிடம் போகும். கைதி தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்வான்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதி. இந்த வக்கீல்களைத் தேர்ந்தெடுப்பதிலும், அவர்கள் வேலையை மதிப்பிடுவதிலும் அவர் கை உண்டு. அவரே அமர்வு நீதிபதியாக அவர்களுடைய வழக்குகளையும் விசாரிக்கிறார். நல்ல எதிர்த்தரப்பு வக்கீல் சில நாள் நீதிபதிக்குப் பிடிக்காத வக்கீலாக இருந்தாக வேண்டும். சாட்சியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போட வேண்டும், உத்தரவை எதிர்த்து மேலே போக வேண்டும், “குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிச்சிடலாமே” என்ற யோசனைக்கு மறுப்புச் சொல்ல வேண்டும். நீட்டிப்புக் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அதைச் செய்வது எளிதல்ல. தனிப்பட்ட நீதிபதிகள் நேர்மையானவர்கள் என்பது இதற்குப் பதிலாகாது. நேர்மையான நீதிபதிக்கே இது தர்மசங்கடம்தான்.

பல ஊர்களில் வழக்கறிஞர் சங்கங்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்தன. இளையவர்களின் பிழைப்பு போகிறது என்றார்கள். வருமானம் குறையும் என்ற கவலை உண்மையானது. ஆனால் வக்கீல் வைக்க வழியில்லாதவரை யாருடைய வருமானமாகவும் கணக்கில் எழுத முடியாது.

மூன்றாவது, திட்டத்தின் எல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே இந்த முழுநேர வக்கீல். பட்டா பறிபோன பழங்குடிக்கும், கூலி கிடைக்காத செங்கல் சூளைத் தொழிலாளிக்கும், வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கும் பழைய பேனல்தான். 1992 ஜூனில் வாச்சாத்தியில் மலைவாழ் மக்கள் மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்த அட்டூழியத்துக்கு, 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு ஆண்டு. அந்த மக்களோடு வக்கீல்கள் அத்தனை காலம் நிற்க முடிந்ததென்றால், பின்னால் மலைவாழ் மக்கள் சங்கமும் ஒரு கட்சியும் நின்றதால்தான். இயக்கம் இல்லாத ஊரில் இதே கொடுமை நடந்திருந்தால் கட்டு என்றோ தூசியாகியிருக்கும்.

அரசுக்கு வெளியே உள்ள வாசல்களையும் எடைபோட வேண்டும். 1981-இல் தொடங்கிய லாயர்ஸ் கலெக்டிவ், 1989-இல் கொலின் கொன்சால்வஸ் தொடங்கிய மனித உரிமைச் சட்ட வலையமைப்பு, மதுரையின் மக்கள் கண்காணிப்பகம் போன்றவை ஒரு தலைமுறை வக்கீல்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. அரசையே எதிர்த்து வழக்கு நடத்தும் துணிச்சலை எந்த அரசுத் திட்டமும் கற்றுத்தராது, இவை கற்றுத்தந்தன. ஆனால் இவற்றின் உயிர் நன்கொடையில் இருந்தது. 2016-இல் லாயர்ஸ் கலெக்டிவின் வெளிநாட்டு நிதிப் பதிவு ரத்தானது. அதே ஆண்டில் மக்கள் கண்காணிப்பகத்துக்குப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது. பஸ்தரில் பழங்குடிக் கைதிகளுக்காக வேலை செய்த ஜக்தல்பூர் சட்ட உதவிக் குழுவின் இளம் பெண் வக்கீல்கள், அதே 2016-இல், இருந்த வீட்டையே காலி செய்ய வேண்டியதாயிற்று.

போதாக்குறைக்கு பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. தொழில் செய்யும் வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது அது. வக்கீலின் சுதந்திரத்தைக் காக்க எழுதிய விதி. நடைமுறையில், தொண்டு அமைப்பில் காலை முதல் இரவு வரை உழைக்கும் வக்கீலுக்கு ‘ஆலோசனைக் கட்டணம்’ என்ற பெயரில் மாதப் பணம் போகிறது, வருங்கால வைப்பு நிதியோ பிரசவ விடுப்போ கேட்க வழியில்லை. அரசின் சட்ட அலுவலர்களுக்கு 2001 வரை இந்த விதியிலேயே விலக்கு இருந்தது. ஏழைக்கு வாதாடும் அமைப்புகளுக்கும் அதே விலக்கைத் தந்தால் யாருக்கும் நட்டமில்லை.

நம்பிக்கை தரும் சிறு முயற்சிகள் இல்லாமல் இல்லை. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளைத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் தயார் செய்ய, மறைந்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ‘இடியா’வைத் தொடங்கினார். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ‘ப்ராஜெக்ட் 39ஏ’, எரவாடா, நாகபுரி சிறைகளில் வக்கீலையும் சமூகப் பணியாளரையும் சேர்த்தே அனுப்பியது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளே இருப்பவனின் ஊருக்குப் போய் அண்ணனைத் தேடிப்பிடிப்பது வக்கீலால் தனியாக ஆகிற வேலையல்ல என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். நம் மாவட்ட அலுவலகங்களில் அப்படி ஒரு பணியாளர் இருந்தால், வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த அம்மாவிடம் முதலில் போய்ப் பேசுபவர் அவராகத்தான் இருப்பார்.

அந்த மாணவிக்குச் சொல்ல இன்று ஒரு பதில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் படிக்கும்போதே உள்ளிருப்புப் பயிற்சி கேட்கலாம். பதிவு செய்ததும் உதவி வழக்கறிஞருக்கு விண்ணப்பிக்கலாம். ஒருமுறையாவது மத்திய சிறைக்குள் போய் ஒரு கைதியிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத் தன் முடிவை எடுக்கலாம். அவள் தாக்குப்பிடிப்பாளா என்பது அவளிடம் மட்டும் இல்லை. நிரந்தரப் பணியிடங்களும், மாவட்ட நீதிபதியின் கையிலிருந்து விலகிய ஒரு தனி வாரியமும் வேண்டும். இரண்டையும் தொடங்கிவைக்கத் தமிழ்நாட்டுக்கு வலுவும் முன்னனுபவமும் உண்டு. அரசு உதவி வழக்கு நடத்துநர் பணிக்குத் தேர்வாணையம் அடுத்த அறிவிக்கையை வெளியிடும்போது, எதிர்த்தரப்பில் நிற்கும் வக்கீலுக்கும் அதே தாளில், அதே ஊதிய நிலையில், காலியிடங்கள் அறிவிக்கப்பட வேண்டும்.