கில்பர்ட்டின் ஆறு கட்டங்கள்: பணியிடப் பயிற்சி குறித்த ஒரு மதிப்பீடு

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கில்பர்ட் 1978 இல் வெளியிட்ட 'ஹியூமன் காம்பிடன்ஸ்' என்னும் நூல், பணியிடப் பயிற்சியைத் திட்டமிடுவோர் கேட்கவேண்டிய முதல் கேள்வியை மாற்றியது. என்ன கற்பிக்கலாம் என்பதற்கு முன், வேலை ஏன் சரியாக நடக்கவில்லை என்று பார்க்கச் சொல்கிறது. தகவல், கருவி, ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் பணிச்சூழலைச் சேர்ந்தவை; அறிவு, ஆற்றல், விருப்பம் ஆகிய மூன்றும் பணியாளரைச் சேர்ந்தவை. பயிற்சி நேரடியாக நிரப்புவது அறிவு என்னும் ஒரு கட்டத்தைத்தான்.

ஓர் அலுவலகத்தில் புதிய மென்பொருளில் பதிவுகள் தேங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டு நாள் பயிற்சி நடக்கும். ஆனால் நான்கு பேருக்கு ஒரே கணினி. பதிந்தது சரியா தவறா என்று யாரும் சொல்வதில்லை. விரைவாக முடிப்பவர் மேசைக்கு அடுத்தவர் கோப்பும் வந்து சேரும். பயிற்சி முடிவில் தேர்வு வைத்தால் எல்லோரும் தேறிவிடுவர். பதிவுகள் தேங்கியே கிடக்கும். (ஆசிரியர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.) சூழலை முதலில் பார்க்கும் இந்த வரிசையே நூலின் பலம்.

ஒரு கட்டத்தை மாற்றினால் மற்றவையும் அசையும் என்பதைக் கில்பர்ட் அறிந்தே இருந்தார். அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்வோர்தான் ஆறு பெட்டிகளிலும் டிக் போட்டுவிட்டு நகர்கின்றனர்.

அவருடைய அளவுகோலில்தான் எனக்கு உடன்பாடில்லை. செய்து முடித்ததன் மதிப்பைச் செலவால் வகுக்கிறார். அந்த மதிப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது நிர்வாகமே. செவிலியர் நோயாளியின் அருகில் அமர்ந்து பேசும் ஐந்து நிமிடம், இந்தக் கணக்கில் செலவுப் பக்கத்திலேயே விழக்கூடும்.