தெரிந்த கோப்பெல்லாம் நல்ல கோப்பா?

கைப்பற்றிய கணினியின் வன்தட்டில் இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதி, இயங்குதளமும் செயலிகளும் தாமாக நிறுவியவை. அவற்றைக் கழித்தால்தான் பயனர் உருவாக்கியவை கண்ணில் படும். அந்தக் கழித்தலுக்காகவே, அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் ‘தேசிய மென்பொருள் ஆதார நூலகம்’ ஒன்றைப் பராமரிக்கிறது. மென்பொருள்களைத் திரட்டி, கோப்பு ஒவ்வொன்றுக்கும் எம்டி5, ஷா-1, ஷா-256 முறைகளில் ஹாஷ் மதிப்புகளை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து பெறும் விரல்ரேகை போன்ற எண்களைக் கணக்கிட்டு இலவசமாக வெளியிடுகிறது. ஆட்டாப்சி போன்ற தடயவியல் கருவிகள் அப்பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் கோப்புகளை ஒதுக்கிவிடுகின்றன. துறைக்குள் இதற்கு ‘டீ-நிஸ்டிங்’ என்று பெயர்.

இம்முறையின் பலம், பெயரையும் தேதியையும் அது நம்பாததுதான். ஒரு படத்துக்கு விண்டோஸ் கோப்பின் பெயரைச் சூட்டி ஒளித்தாலும் ஹாஷ் பொருந்தாது. உண்மையான கணினிக் கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் மதிப்பு அடியோடு மாறிவிடும்.

குறையென்று பலரும் முதலில் சுட்டுவது மோதலை, அதாவது இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் அமைவதை. எம்டி5-இல் அது சாத்தியம் என்று சீன ஆய்வாளர் வாங் ஷியாவோயுன் குழு 2004-இல் காட்டியது. ஒரே ஷா-1 மதிப்புள்ள இரண்டு பிடிஎஃப்களை, கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் 2017-இல் வெளியிட்டன. ஆனால் இவற்றில் இரு கோப்புகளையுமே தாக்குபவர்தான் வடிவமைக்கிறார். பட்டியலில் ஏற்கெனவே உள்ள பிறருடைய கோப்புக்குப் பொருந்தும் போலியைச் செய்ய எம்டி5-இல்கூட நடைமுறை வழி இல்லை. ஷா-256-ஐயும் சேர்த்து ஒப்பிட்டால் இந்த அச்சம் இன்னும் சுருங்கிவிடும்.

அன்றாடம் படுத்துவது வேறு. மென்பொருள் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. பட்டியல் பின்தங்கியே வரும். ஆகவே பொருந்தாத கோப்பு சந்தேகத்துக்குரியது என்று சொல்லிவிட முடியாது. 2006-இல் வந்த எஸ்எஸ்டீப் போன்ற கருவிகள் ஏறத்தாழ ஒத்த கோப்புகளைக் காட்டும். ஆனால் ஒத்திருப்பதை வைத்து எதையும் கழித்துவிட முடியாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பொருந்திய கோப்பை நல்ல கோப்பென்று படிப்பது. ‘இது அதே கோப்புதான்’ என்பதற்கு மேல் ஹாஷ் எதையும் சொல்வதில்லை. தகவலை மறைத்து அனுப்பும் கருவிகளும் ஊடுருவல் கருவிகளும் நிஸ்ட் நூலகத்திலேயே உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால், சந்தேக நபர் அத்தகைய கருவியை வைத்திருந்தார் என்ற சான்றும் சேர்ந்தே போய்விடும். 2020-இல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், பின்கதவு வந்தது அந்த மென்பொருள் நிறுவனமே கையொப்பமிட்டு அனுப்பிய புதுப்பிப்பில். அப்படிப்பட்ட கோப்பு வெளியான அன்றே பட்டியலில் ஏறியிருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

ஆவணங்களையும் படங்களையும் தேடும் வழக்குக்கு டீ-நிஸ்டிங் தகும். ஊடுருவலை விசாரிப்பவரோ, பொருந்திய கோப்பையும் அது எந்த வகை, எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எப்போது வந்தது என்று பார்த்த பிறகே ஒதுக்க வேண்டும்.