நம்புதலும் நம்பியிருத்தலும்: சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தி ஊடகம் குறித்து ஒரு திறனாய்வு

சிங்கப்பூர் மக்கள் தம் நாட்டின் முதன்மைச் செய்தி ஊடகங்களைப் பெரிதும் நம்புகின்றனர் என்பது கருத்தாய்வுகள் தொடர்ந்து கூறிவரும் முடிபாகும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராய்ட்டர்ஸ் ஆய்வுக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் மின்னிலக்கச் செய்தி அறிக்கையில் சிஎன்ஏவும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் நம்பகத்தன்மையில் முன்வரிசையில் நிற்கக் காண்கிறோம். இம்முடிபை அப்படியே தமிழ் ஊடகத்துக்கும் பொருத்திக்கொள்வார் உளர். அது சரியன்று.

காரணம் எளிது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. ஏறத்தாழ 2,000 பேரை வினவும் ஆய்வொன்றில் இவ்விகிதப்படி இடம்பெறக்கூடிய தமிழர் ஐம்பதின்மர். தங்கும் விடுதிகளில் வாழும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இக்கணக்குக்கும் அப்பாற்பட்டவர்கள். கணக்கெடுப்பின் ‘குடியிருப்பாளர்’ என்னும் சொல் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிக்கும். ஆக, தமிழ்ச் செய்தியை யார், எந்த அளவுக்கு, எதன்பொருட்டு நம்புகின்றனர் என்னும் வினா இன்னும் வினாவாகவே உள்ளது.

இவ்வினாவை அணுகத் தமிழே ஒரு வழி காட்டுகிறது. ‘நம்புதல்’ வேறு, ‘நம்பியிருத்தல்’ வேறு. முன்னது, சொல்லப்படுவது உண்மை என ஏற்றுக்கொள்வது. பின்னது, வேறு வழியின்மையாலோ பழக்கத்தாலோ ஒன்றைச் சார்ந்து நிற்பது. மழையை நம்பியிருக்கும் உழவன் மழையை நம்புகிறான் என்று சொல்ல இயலாது. இலங்கைப் போர்க்காலத்தில் ஊரடங்கு அறிவிப்புக்கு உள்நாட்டு வானொலியை நம்பியிருந்த தமிழர் பலர், நடந்தது என்ன என்றறிய இலண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசைக்கே செவிகொடுத்தனர். 1941இல் தொடங்கி 2017இல் தன் வானொலிச் சேவையை முடித்துக்கொண்ட தமிழோசையின் மதிப்பு, அந்த இடைவெளியில்தான் விளைந்தது. ஊடக ஆய்வாளர் ‘நம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடக்கிவிடுகின்றனர். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகத்தைப் பொறுத்தவரை இவ்வாறு அடக்குவது பெரும்பிழைக்கு இடந்தரும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தோன்றிய ‘தமிழ் முரசு’ தமிழவேள் கோ. சாரங்கபாணியின் கையில் எத்தகைய நம்பிக்கையை ஈட்டியது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அடுத்துத் தமிழர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டுமென அவர் முரசின் வழியாக ஓயாது வற்புறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் அமைந்த இந்திய ஆய்வியல் துறையில் சமற்கிருதமா தமிழா என்னும் வழக்கு எழுந்தபோது, தமிழுக்கு வாதாடியதும் அவ்வேடே. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித் திட்டத்தின் மூலம் துறையின் நூலகத்துக்குப் பொருள் திரட்டப்பட்டது. அதற்குத் தந்தவருள் தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் இருந்தனர். தம் பிள்ளைகள் என்றேனும் மிதிப்பார்களா என்று தெரியாத ஒரு நூலகத்துக்காக அவர்கள் ஒரு செய்தித்தாளை நம்பிப் பணம் கொடுத்தனர். இது வெறும் நம்பியிருத்தல் அன்று. முரசு நடுநிலை ஏடு அன்று என்பதும், அது பக்கச் சார்பை மறைத்ததில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கவை. தன் சார்பை வெளிப்படையாகச் சொன்ன ஏட்டை மக்கள் நம்பினர். நடுநிலையே நம்பகத்தின் ஊற்று என்னும் பாடநூற் கருத்துக்கு இது பொருந்திவரவில்லை.

சாரங்கபாணி மறைந்த 1974ஆம் ஆண்டில்தான் செய்தித்தாள், அச்சகச் சட்டமும் வந்தது. அதன்வழி, செய்தித்தாள் நிறுவனங்களில் கூடுதல் வாக்குரிமை கொண்ட மேலாண்மைப் பங்குகள் அரசின் ஒப்புதல் பெற்றோரிடம் மட்டுமே இருக்கலாயின. 1960களில் எழுந்த ‘தமிழ் மலர்’ 1980இல் நின்றது. 1995இல் முரசு சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஒளிபரப்பின் வரலாறு இன்னும் நேரானது: 1963இல் நான்கு மொழிகளில் தொடங்கிய தொலைக்காட்சி, அரசுத் துறையாக இருந்து கழகமாகி, இன்று தெமாசெக் ஹோல்டிங்ஸுக்கு உரிமையான மீடியாகார்ப் என நிற்கிறது. பிற நிகழ்ச்சிகளுடன் அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டிருந்த ‘வசந்தம்’ 2008 அக்டோபரில் தனி அலைவரிசையாயிற்று. 2011இல் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் நீக்கப்பட்டது. குடும்பங்கள் ஆண்டுதோறும் கட்டிய 110 வெள்ளி மிச்சமானது உண்மைதான். ஆயின் ‘என் காசில் நடப்பது’ என்று பார்வையாளர் உரிமையோடு பேசுவதற்கிருந்த சிறு பிடியும் அத்துடன் தளர்ந்தது. ஒரு நாளிதழ், ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, ஒரு வானொலி நிலையம்: இவற்றை நம்பியிருப்பதைத் தவிரத் தமிழ் வாசகருக்கு உள்நாட்டில் வேறு பெரிய தெரிவு இல்லை.

இந்நிலையில் செய்தி மொழியே ஆய்வுக்குரிய முதன்மைச் சான்றாகிறது. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திக்கு ஒரு பெருமை உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவரையும் அது ‘ஆடவர்’ என்றே குறித்து, மரியாதைப் பன்மையில் வினைமுடிக்கிறது. ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘-ஆன்’ என்பதா ‘-ஆர்’ என்பதா எனத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வில் தமிழ்நாட்டு ஏடுகள் பலவற்றைவிட இவை நாகரிகமாக நடந்துகொள்கின்றன. ஆனால் இதே நடையில் ‘தெரிவிக்கப்பட்டது’, ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினைகள் மலிந்துள்ளன. தெரிவித்தவர் யார்? நம்புபவர் யார்? ஆங்கில அறிக்கையிலிருந்து விரைவாக மொழிபெயர்ப்பவருக்கு இவ்வடிவம் கைவந்த எளிய வழி. கேட்பவருக்கோ, சொல்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதுபோல் ஒலிக்கிறது.

பேச்சுத் தமிழில் பிறர் வாய்க் கேட்டதைச் சொல்ல ‘-ஆம்’ என்னும் இடைச்சொல் உண்டு. ‘வந்தாராம்’ என்றால் நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள். வதந்தியின் இலக்கணம் இது எனலாம். எனினும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. செய்தித் தமிழ் ‘-ஆம்’ என்பதை விலக்கிவிட்டு, அதன் இடத்தில் செயப்பாட்டு வினையை வைத்துக்கொண்டது. ஐயம் அப்படியே இருக்க, ஐயத்தை ஒப்புக்கொள்ளும் குறி மட்டும் மறைந்துவிட்டது.

2013 டிசம்பர் 8ஆம் நாள் ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் நிகழ்ந்த கலவரத்தை இவ்வகையிலும் நோக்கலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். மீட்புப் பணியாளர் அடிபட்டவரைவிடப் பேருந்து ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காப்பதிலேயே முனைந்தனர் என்ற எண்ணம் கூட்டத்தில் பரவியது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் வெளிவந்த தன் அறிக்கையில், இத்தகைய தவறான எண்ணங்களையும் மதுவையும் காரணங்களாகச் சுட்டியது. வேலை, வாழ்க்கை நிலை குறித்த மனக்குறை காரணமன்று எனவும் முடிவுகட்டியது. அடுத்து வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம் மது விற்பனையையும் பொது இடத்தில் அருந்துவதையும் கட்டுப்படுத்தியது. மதுவுக்குச் சட்டம் வந்தது. தவறான எண்ணத்துக்கு எது மருந்து என்பது யாருடைய வேலையும் ஆகவில்லை. அவ்விடத்தில் அந்நேரத்தில் யார் தமிழில் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பர்? ஊடகத் திறனாய்வு கேட்க வேண்டிய கேள்வி இது. ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் தொழிலாளிக்கு உள்ளூர்ச் செய்தியில் நன்கு அறிந்த குரல் ஒன்றேனும் இருந்ததா? அவர் ஊர்ச் செய்தியைக் கைப்பேசியில் வீட்டாரிடமிருந்தும் தமிழ்நாட்டு அலைவரிசைகளிலிருந்தும் பெற்றுவந்தார். சிங்கப்பூர்ச் செய்தியில் அவர் பெரும்பாலும் பேசப்படுபவர், பேசுபவர் அல்லர்.

2020இல் கொவிட்-19 விடுதிகளுக்குள் புகுந்தபோது இது மேலும் தெளிவாயிற்று. 300,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டிருந்தனர். தமிழில் அவர்களுக்குக் குறிப்புகள் வந்தன, காணொளிகள் வந்தன; அவை உயிர்காத்த பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை அறிவிப்புகள், செய்திகள் அல்ல. கை கழுவ வேண்டும், அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது அறிவிப்பு. ‘நாங்கள் எப்போது வெளியே போவோம், ஏன் மற்றவர்க்கு முன்பே திறந்தது?’ என்பதற்கு விடை தருவதே செய்தி. விடுதிவாசிகளுள் 47 விழுக்காட்டினர்க்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என அவ்வாண்டு டிசம்பரில் அரசே வெளிப்படையாக அறிவித்தது. இத்தகைய எண்ணை மறைக்காமல் வெளியிடுவது நம்பிக்கைக்கு உரமூட்டும் செயல். எனினும் 2022 ஜூன் இறுதியிலும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்ல அவர்களுக்கு அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. ஒரு நாளைக்கு 80,000 பேர் என உச்சவரம்பும் இருந்தது. அவ்விடைவெளியை அவர்கள் பக்கம் நின்று, அவர்கள் சொல்லக் கேட்டு, நாள்தோறும் எழுதுவது தமிழ் ஊடகத்துக்கு மட்டுமே எளிதாயிருந்த பணி. மொழித் தடை இல்லாத ஊடகம் அதுவன்றோ! அதன் பக்கங்களில் மனிதநேயக் கதைகள் இல்லாமலில்லை. ஆனால் அமைச்சை நோக்கிய கேள்வியாக அவை கூர்மை பெற்றது அரிது. இதே வட்டாரத்து ரோவல் சாலையிலிருந்து 2006 முதல் வெளிவந்த ‘பங்ளார் கண்ட்டோ’ என்னும் வங்காள மொழி இதழ், தொழிலாளரே கவிதையும் குறையும் எழுதும் இடமாக விளங்கியது. வசதியும் பணியாளரும் மிகுந்த தமிழ் ஊடகம் அத்தகைய ஓரிடத்தைத் தன் பக்கங்களில் நிலையாக ஒதுக்கியிருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 டிசம்பரில் செய்தித்தாள்கள் இலாப நோக்கற்ற எஸ்பிஎச் மீடியா அறக்கட்டளையின் கீழ் வந்தன. ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை ஐந்தாண்டுகளுக்கு வழங்குவதாக அரசு 2022இல் அறிவித்தது. 2023 ஜனவரியில், 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை குழும ஏடுகளின் விற்பனை எண்ணிக்கை நாளொன்றுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 படிகள் வரை மிகைப்படுத்தப்பட்டது வெளிவந்தது. இது சொல்லப்பட்ட எண்ணிக்கையில் 10 முதல் 12 விழுக்காடு. அச்சிட்டு, எண்ணி, பின் அழிக்கப்பட்ட படிகளும் இதில் அடங்கும். விளம்பரதாரருக்கு இழைத்த பிழை என்று இதனை ஒதுக்குவாருண்டு. 2019ஆம் ஆண்டின் பொய்ச்செய்திச் சட்டத்துக்குப்பின் ‘எங்களை நாடுங்கள், நாங்கள் சரிபார்த்தவர்கள்’ என்பதே முதன்மை ஊடகத்தின் வாதமாக இருந்து வந்துள்ளது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். விற்பனை எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுவது நம்பியிருப்போரின் தொகையைப் பெருக்கிக் காட்டுவதாகும். நம்புவோரின் தொகையை அதனால் ஒருவராலும் கூட்டிவிட முடியாது.

தமிழுக்குப் பொதுநிதி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 2.5 விழுக்காட்டினரின் மொழியில் நாளிதழ் சந்தையை நம்பி வாழ இயலாது. நிதி நின்றால் முரசு நின்றுபோகும். நிதிக்கு ஈடாக எதை அளக்கிறோம் என்பதே கேள்வி. எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை முறை சொடுக்கினர் என்பன நம்பியிருத்தலின் அளவைகள். ஒரு செய்தியில் வினைமுதல் எத்தனை முறை பெயரோடு நின்றது, திருத்தம் வெளியிட்டபோது முதற்பிழை வந்த அதே இடத்தில் அது வந்ததா, விடுதித் தொழிலாளி ஒருவரின் குரல் ஆண்டில் எத்தனை நாள் மேற்கோளாக இடம்பெற்றது, அதற்கு அமைச்சின் மறுமொழி கேட்டு வெளியிடப்பட்டதா: இவையும் எண்ணத்தக்கவையே. இத்துறை முதுகலை மாணவர் இருவர் ஓராண்டு முரசையும் ‘தமிழ்ச் செய்தி’யையும் எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினால் ஆறு மாதத்தில் முடியக்கூடிய வேலை இது.