திருப்பிப் பார்க்கும் படம்

வெளிநாடு போகிறவனின் காமிரா பெரும்பாலும் தபால் அட்டையைச் சரிபார்க்கிறது. கோபுரம் இருக்கிறது, பாலம் இருக்கிறது, முன்னால் நானும் இருக்கிறேன். இது பார்வை அல்ல, போய்வந்ததற்கு அத்தாட்சி.

ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃப்ராங்க் 1955–56ல் காரில் அமெரிக்காவைச் சுற்றி எடுத்த படங்கள் ஏறத்தாழ 27,000. 'அமெரிக்கர்கள்' நூலில் (பாரிஸ், 1958) அவர் வைத்துக்கொண்டவை 83. கழித்ததில்தான் விமர்சனம் இருக்கிறது.

அதில் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் ட்ராம். வரிசையாக ஜன்னல்கள். முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பர். ஜன்னல் கம்பங்களே சட்டத்தை எழுதிவிடுகின்றன. எடுத்தது 1955ல், மாண்ட்கமரியில் ரோஸா பார்க்ஸ் பஸ்ஸில் இடம் விட மறுத்ததும் அதே ஆண்டு, டிசம்பரில்.

அந்நியன் கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும் என்பார்கள். அது பாதிப் பொய். பின் ஜன்னலில் கை வைத்திருக்கும் கறுப்பருக்கு இது தினசரி விஷயம். ஃப்ராங்க் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய நேர்மை வேறிடத்தில் இருக்கிறது: அந்த மனிதர் காமிராவைப் பார்க்கிறார், அந்தப் பார்வையை அவர் கழிக்கவில்லை.

தபால் அட்டையில் யாரும் நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை.