பதிவேடும் மின்கம்பமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், சட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினாறு பேர் கூடினோம். விபச்சாரத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்பது விவாதப் பொருள். பதினாறு பேரில் பெண்கள் மூவர். அவர்களில் ஒருவர் என் துணைவி. விவாதத்தின் பாதி நேரத்தை அவர் தேத்தண்ணீர் போடுவதில் கழித்தார் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். ஏனென்றால் அன்றிரவு அவர் அதை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

கட்டுரை வாசித்த தோழர் கடுமையாக உழைத்திருந்தார். இந்தத் தொழில் என்றும் இருந்து வருகிறது, தடைசெய்து எவராலும் ஒழிக்க முடியவில்லை, ஆகவே அரசு அதை அங்கீகரித்து ஒழுங்குபடுத்துவதே முற்போக்கானது என்பது அவரது வாதம். உரிமம் கொடுக்கலாம், வரி அறவிடலாம், பெண்களைப் பதிவு செய்து ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை செய்யலாம், நோய் கட்டுப்படும், பொலிஸின் இலஞ்சம் ஒழியும் என்றார். ஜேர்மனியும் நெதர்லாந்தும் அவரது உதாரணங்கள். அவர் முடித்ததும், மறுத்துப் பேச வந்த நண்பர் ஒரே கேள்வியோடு எழுந்தார்: "உங்கட மகளை இதுக்கு விடுவியளோ?" அதன் பிறகு சத்தம் நடந்தது, விவாதம் நடக்கவில்லை.

கட்டுரையின் பிரதி என்னிடம் இருக்கிறது. அன்று சத்தத்தில் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன். சட்டனில் இருந்துகொண்டு சட்டம் பற்றி எழுதுகிறாயா என்று நண்பர்கள் ஏற்கனவே பகிடி பண்ணிவிட்டார்கள். ஆகவே அது வேண்டாம்.

தோழர் முற்போக்கானது என்று முன்வைத்த ஏற்பாடு நமக்குப் புதியதல்ல. நமது பாட்டிமார் காலத்துக்கும் முன்பே பிரித்தானியர் அதை நமது மண்ணில் செய்து பார்த்துவிட்டார்கள். 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்ற பெயரில் இங்கிலாந்தின் படைமுகாம் நகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சட்டங்கள் வந்தன. சாதாரண உடையில் வரும் பொலிஸ்காரன் ஒரு பெண்ணைச் சுட்டி இவள் விபச்சாரி என்றால் போதும், அவள் குறித்த நாட்களில் உடற்பரிசோதனைக்குப் போக வேண்டும். நோய் கண்டால் லொக் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அடைக்கப்படுவாள். மறுத்தால் சிறை. அவளிடம் வந்துபோன சிப்பாய்க்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனை இல்லை. 1868 இல் இந்தியாவுக்கு இதே அச்சில் ஒரு சட்டம் போடப்பட்டது, சென்னை நகரும் அதற்குள் வந்தது. இலங்கையிலும் அதே காலத்தில் கட்டளைச் சட்டம் வந்தது. பெண்கள் என்ன செய்தார்கள்? முடிந்தவர்கள் பதிவேட்டுக்கு அகப்படாமல் ஒளித்துத் திரிந்தார்கள். இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் என்ற பெண்ணின் தலைமையில் நடந்த நீண்ட இயக்கத்துக்குப் பிறகு 1886 இல் இந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இந்தியச் சட்டம் 1888 இல் போனது.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. சட்டபூர்வமாக்கல், குற்றநீக்கம் என்ற இரண்டையும் தோழரின் கட்டுரை ஒன்றாகவே பார்க்கிறது. அந்தச் செயலைக் குற்றவியற் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களுக்குள்ள பொதுச் சட்டங்களே இவர்களுக்கும் போதும் என்பது குற்றநீக்கம். அவர்களுக்கென்று தனியான பதிவேடு, தனியான உரிமம், தனியான பரிசோதனை, தனியான தெரு என்று வகுப்பது சட்டபூர்வமாக்கல். இரண்டாவதில் பதிவேடு யாருடைய கையில் இருக்கிறதோ அவருடைய கையில்தான் அந்தப் பெண்ணும் இருக்கிறாள்.

ஜேர்மனிக்கு வருவோம். 2002 இல் வந்த சட்டம் இதை ஒரு தொழிலாக ஏற்றது. பெண்கள் வேலை ஒப்பந்தம் செய்யலாம், சமூகக் காப்புறுதியில் சேரலாம் என்றது. ஐந்து வருடம் கழித்து, 2007 இல், அரசாங்கம் தன் அறிக்கையில் என்ன சொன்னது? விசாரிக்கப்பட்டவர்களில் வேலை ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். விடுதி முதலாளிகளுக்கோ சட்டம் நன்றாகவே பலித்தது. பெருநகரங்களில் மாடிக் கட்டடங்களாக விடுதிகள் எழுந்தன. பிறகு 2017 இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று இன்னொரு சட்டம் வந்து, எல்லோரும் பதிந்து அட்டை எடுக்க வேண்டும் என்றது. 2023 முடிவில் பதிந்திருந்தோர் ஏறத்தாழ 30,600 பேர். தொழிலில் இருப்பவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது ஊகம்தான். ஆனால் எந்த ஊகமும் இந்த எண்ணுக்குக் கிட்ட நிற்கவில்லை, இதைப் பல மடங்கு தாண்டிப் போகிறது. பதியாதவர்கள் யார்? வீட்டுக்கும் பிள்ளைக்கும் ஊருக்கும் தெரியக்கூடாதென்று பயப்படுபவர்கள், விசா இல்லாதவர்கள், மற்றவனின் பிடியில் இருப்பவர்கள். யாரைக் காப்பாற்றப் பதிவேடு திறக்கப்பட்டதோ அவர்கள்தான் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

நியூசிலாந்தின் வழி வேறு. 2003 இல் அங்கே பாராளுமன்றத்தில் 60க்கு 59 என்ற கணக்கில் நிறைவேறிய சட்டம் குற்றநீக்கத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது. 2014 இல் ஒரு பெண் தன் விடுதி நடத்துனர் மீது பாலியல் தொந்தரவு வழக்குப் போட்டு 25,000 டொலர் இழப்பீடு பெற்றார். விடுதியில் வேலை செய்யும் பெண் விடுதிக்காரன் மீது வழக்குப் போட்டு வெல்வதென்பது நமது நாடுகளில் நினைத்துப் பார்க்கக் கூடிய காரியமா? அன்றைய கூட்டத்தில் இதை நான் பெரிதாகப் புகழ்ந்தேன். அப்போது இதுவரை பேசாதிருந்த ஒரு தங்கச்சி, அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை வாசித்தீர்களா என்று கேட்டார். நான் வாசித்திருக்கவில்லை. பிறகுதான் வாசித்தேன். தற்காலிக விசாவில் வந்த எவரும் இந்தத் தொழில் செய்யக்கூடாது, செய்தால் நாடு கடத்தலாம் என்கிறது அது. உள்ளூர்ப் பெண் பொலிஸுக்குப் போகலாம். வெளிநாட்டுப் பெண் போனால் அவளுக்கு விமானச் சீட்டு.

எல்லாச் சட்டங்களிலும் இந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அகதிகளாகிய நாம் அதைக் காணாமல் விடுவது எனக்கு விளங்கவில்லை. நான் 1991 இல் இங்கு வந்தேன். முதல் ஆறு மாதம் வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் கடன். இன்னொருவரின் பெயரில், இன்னொருவரின் காப்புறுதி இலக்கத்தில், ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. மணித்தியாலத்துக்கு இரண்டு பவுண், அதிலும் இலக்கத்துக்குச் சொந்தக்காரருக்குப் பங்கு. ஒருநாள் கல்லாவில் நாற்பது பவுண் குறைந்ததென்று முதலாளி என் ஒரு கிழமைச் சம்பளத்தை வைத்துக்கொண்டார். அவரும் தமிழர்தான். யாரிடம் போய் முறையிடுவது? நான் கெட்டவனாக இருந்ததாலோ அவர் கெட்டவராக இருந்ததாலோ அது நடக்கவில்லை. நான் சட்டத்துக்கு வெளியே நின்றேன், அவருக்கு அது தெரிந்திருந்தது.

இந்த உவமையைச் சொன்னதும் அதே தங்கச்சி என்னை விடவில்லை. "அண்ணை, பெற்றோல் அடிக்கிறதும் இதுவும் ஒண்டே?" ஒன்றல்ல. அதை ஏற்றுக்கொள்கிறேன். எந்த முதலாளியும் என் உடம்புக்குள் வரவில்லை. பாலியல் தொழிலாளர் என்ற சொல்லை நான் பாவிக்கிறேன். வேசி என்றும் விபச்சாரி என்றும் சொல்வதைவிட அது நேர்மையான சொல். ஆனால் சொல்லை மாற்றியதும் வன்முறை மாறிவிட்டதாக எழுதும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தோழரின் கட்டுரையில் 'தெரிவு' என்ற சொல் பதினொரு தடவை வருகிறது. வறுமை இரண்டு தடவை. விசா ஒரு தடவையும் இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெண்ணைத் தண்டிக்காமல் வாங்கும் ஆணைத் தண்டிப்போம் என்று 1999 இல் சுவீடன் தொடங்கியது. நோர்வே 2009 இலும் பிரான்ஸ் 2016 இலும் அதைப் பின்பற்றின. குற்றவாளி யார் என்பதில் இந்தச் சட்டம் என் மனதுக்குக் கிட்ட நிற்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒஸ்லோவில் நடந்ததை அங்குள்ள வாசகர்கள் அறிவார்கள். வீடு வாடகைக்குக் கொடுத்தால் தரகர் குற்றம் வரும் என்று பொலிஸ் வீட்டுக்காரரை வெருட்ட, பெண்கள், பெரும்பாலும் நைஜீரியப் பெண்கள், ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். சர்வதேச மன்னிப்புச் சபை 2016 இல் இதை விபரமாக எழுதியிருக்கிறது. பிரான்ஸின் சட்டம் தொழிலை விட்டு வெளியேற விரும்பும் பெண்ணுக்கு ஆறு மாத விசாவும், தொடங்கும்போது மாதம் 330 யூரோ அளவில் உதவிப் பணமும் தந்தது. லாச்சப்பலில் அந்தக் காசுக்கு ஒரு கட்டில்கூடக் கிடைக்காது என்பதை பாரிஸ் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த விடயத்தில் தமிழில் எனக்கு நினைவுக்கு வருவது 1929. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னைச் சட்டசபையில் நிறைவேறிய திருத்தம், கோயிற் சேவையிலிருந்து தேவதாசிகளை விடுவித்தது. சேவைக்காகக் கொடுக்கப்பட்ட மானிய நிலத்தை அவர்களிடமே விட்டது. நிலம் இல்லாதவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனாலும் விடுதலை என்று பேசியவர்கள் அதன்பின் என்னத்தைச் சாப்பிடுவது என்றும் யோசித்திருக்கிறார்கள். பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதா 1930 இல் வந்தபோது தேவதாசிகளே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அந்த மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்காக ஊரூராகப் பேசினார், 1936 இல் நாவலும் எழுதினார். 'அந்தப் பெண்களின் குரல்' என்று ஒற்றைக் குரலைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சட்டம் கடைசியில் 1947 இல் வந்தது.

இப்போது நமது வீட்டு விடயம். மாதவியைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்த சமூகம் நாம். 1841 இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் 1889 இன் விபச்சார விடுதிகள் கட்டளைச் சட்டமும் போதாதென்று, எண்பதுகளில் நாமே ஒரு சட்டம் வைத்திருந்தோம். அதற்குப் புத்தகம் இல்லை, மின்கம்பம் மட்டும் இருந்தது. 1986 இல் எங்கள் சந்தியில் ஒரு பெண்ணைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் மட்டை. சமூகவிரோதி என்று எழுதியிருந்தது. என்ன குற்றம் என்று ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த பெடியன்கள் கேட்க, நின்ற ஒருவர் ஒரு சொல்லில் சொன்னார். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. அன்று பின்னேரம் நண்பர்களிடம் நான் சொன்னது இது: "ஏதும் இல்லாமல் சுடுவாங்களே?" அவளிடம் போய்வந்த ஆண்கள் எங்கள் ஊரில்தான் இருந்தார்கள். அவர்களில் எவருடைய கழுத்திலும் மட்டை தொங்கியதாக நான் அறியவில்லை.

அந்த ஊரிலிருந்து வந்த நாங்கள், தொண்ணூறுகளில் கிங்ஸ் குரொஸ் ரெலிபோன் பெட்டிகளில் அம்மாவோடு கதைத்தோம். பெட்டியின் உட்சுவர் முழுக்க அந்த அட்டைகள் ஒட்டியிருந்தன. அப்படி ஒட்டுவது 2001 இல்தான் குற்றமாக்கப்பட்டது. அந்த இலக்கங்களுக்கு நம்மில் எவரும் எடுக்கவில்லை என்று அன்று முன்னறையில் இருந்த பதின்மூன்று ஆண்களும் நம்பும்படி பேசினோம். ஏஜென்சிக்காரன் மாதக்கணக்கில் வழியில் மறித்து வைத்திருந்த பெண்களின் கதைகளையும் நாம் அறிவோம், மெல்லிய குரலில் மட்டும். 2009 க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010 இல் அரசாங்கமே சொன்னது. பட்டினியோடும் இராணுவத்தோடும் வாழ விடப்பட்ட அந்தப் பெண்களைப் பற்றிப் 'பண்பாட்டுச் சீரழிவு' என்று இங்கிருந்து எழுதியவர்கள் எத்தனை பேர்! மகளைக் காட்டிக் கேட்கப்படும் அந்தக் கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. என் மகளை விடமாட்டேன். நடுச்சாமத்தில் பெற்றோல் ஸ்ரேசனுக்கும் விடமாட்டேன். ஆனால் போனவளைச் சுடலாமா, நாடு கடத்தலாமா, பதிந்து அட்டை மாட்டலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

பதிவேடு இல்லாமலே உரிமை கொடுக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் இந்தியாவிலிருந்தே உண்டு. 1999 இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து வளர்ந்த விசாரணையில், 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் பொலிஸுக்குப் பல கட்டளைகள் இட்டது. அவற்றோடு, இருப்பிடச் சான்று இல்லாத இந்தப் பெண்களுக்கும் ஆதார் அட்டை கொடுக்க வேண்டும் என்றது. அட்டை இலக்கத்தில் அவர்களின் தொழிலைக் காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக்கூடாது என்றும் சொன்னது. ஒரு சிறிய விடயம்தான். ஆனால் அவளைக் குடிமகளாகப் பதி, தொழிலால் பதியாதே என்ற அந்த வேறுபாடு தோழரின் இருபத்திரண்டு பக்கங்களில் இல்லை.

இந்த நாட்டில் இன்று தனியொரு பெண் தன் வீட்டில் இதைச் செய்வது குற்றமில்லை. பயத்தில் துணைக்கு இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டால் அது 'விடுதி' ஆகிறது. 1956 இன் சட்டத்தில் 2003 இல் சேர்த்த பிரிவின்படி அதை நடத்துவதற்கு ஏழு வருடம்வரை சிறை. 2006 இல் இப்ஸ்விச்சில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்ட பிறகும் இது மாறவில்லை. 2016 இல் பாராளுமன்ற உள்துறைக் குழு, இரண்டு பெண்கள் ஓரிடத்தில் இருந்து வேலை செய்வதைக் குற்றமாக்க வேண்டாம் என்று தன் இடைக்கால அறிக்கையில் பரிந்துரைத்தது. அது அப்படியே கிடக்கிறது. இதை மாற்றுவதற்குப் பதிவேடும் வேண்டாம், உரிமமும் வேண்டாம், சிவப்பு விளக்குத் தெருவும் வேண்டாம்.

தோழர் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அவர் கேட்கும் உரிமம் யாருக்கு? ஹோம் ஒபிசிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கும் அது கிடைக்குமா, அல்லது அவளைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமாக அது இருக்குமா? அடுத்த கூட்டம் வேறு ஒரு வீட்டில். தேத்தண்ணீர் ஆண்கள் போடுவதாக ஏகமனதாகத் தீர்மானம்.