முட்டத்துக் கரையும் அமெரிக்கத் தலைமுறையும்

புலம்பெயர்ந்த பெற்றோருக்கும் அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கும் இடையே எழும் அடையாள முரணை ஆராய்வோர், அலெஹாந்திரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாட்டும் 2001-இல் வெளியிட்ட ‘லெகஸீஸ்’ நூலின் பாகுபாட்டையே பெரிதும் சார்ந்திருக்கின்றனர். புதிய நாட்டின் மொழியையும் நடைமுறையையும் பிள்ளைகள் விரைந்து பற்றிக்கொள்ளப் பெற்றோர் பின்தங்குவதால், வங்கிக் கடிதத்தைப் படித்துச் சொல்லும் பிள்ளையின் கைக்கு வீட்டின் அதிகாரம் மாறிவிடும் நிலையை அவர்கள் ‘முரண்பட்ட பண்பேற்பு’ என்றனர்; தாய்மொழியையும் சொந்தச் சமூகத்தின் உறவுகளையும் விடாமல் காத்துக்கொண்டே மாறுவது ‘தேர்ந்த பண்பேற்பு’ எனப்படும். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் படிப்பையும் தொழில்திறனையும் கொண்டு சென்ற தமிழர்களுக்கு முதல் வகை அப்படியே பொருந்தாது. கடிதத்தைத் தாமே படிக்கத் தெரிந்த பெற்றோர் அவர்கள். முரண் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் கோயிலிலும் பண்டிகையிலும் தேடுவது வழக்கம். 1976-இல் பிட்ஸ்பர்க்கில் எழுந்த வெங்கடேசுவரர் கோயில் போன்றவை இந்துக் குடும்பங்களுக்கு மதத்தோடு மொழியையும் உறவையும் சேர்த்துத் தாங்கின. குமரி மாவட்டத்தின் முட்டம் போன்ற கரையூர்களின் நிலை வேறு. 16-ஆம் நூற்றாண்டில், பிரான்சிஸ் சவேரியாரின் காலத்தில், கத்தோலிக்கம் தழுவிய முக்குவர் என்னும் மீனவச் சமூகத்தின் கரை இது. இங்கிருந்து செல்லும் குடும்பம் கோயில் கட்ட வேண்டியதில்லை. எந்த அமெரிக்க நகரிலும் தேவாலயம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருப்பலியை மக்கள் மொழிக்குத் திறந்துவிட்டதால்தான் முட்டத்தில் அது தமிழில் ஒலிக்கிறது. அதே அனுமதியால் அமெரிக்காவில் அது ஆங்கிலத்தில் ஒலிக்கிறது. அந்தோணி என்ற பெயரும் ஆன்டனியாகிச் சிரமமின்றி வகுப்பறைக்குள் நுழைந்துவிடுகிறது. மதத்தால் அந்நியப்படாத பிள்ளை தமிழுக்கு மதத்தின் நிழலையும் இழக்கிறது என்பது, இத்துறை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய உண்மை.

எஞ்சுவது பேச்சுமொழி. 1998 முதல் இயங்கும் கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற வார இறுதிப் பள்ளிகள் அளப்பரிய உழைப்பால் எழுத்தறிவைத் தருகின்றன. எனினும் அவை கற்பிப்பது பொதுத்தமிழ். பாடத்தில் ‘தாத்தா’, தொலைபேசியில் ஊரிலிருந்து பேசுபவரோ ‘பாட்டா’. பெரியப்பாவும் மாமாவும் ஒருசேர ‘அங்கிள்’ ஆகும்போது, எந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு உரிமை என்று உணர்த்தும் முறையே பிள்ளைக்கு மறைகிறது. பெற்றோர் அதை மரியாதைக் குறைவு என்கின்றனர்; பிள்ளைக்கோ குறைத்த உணர்வே இல்லை.

சட்டமும் இந்த முரணுக்குள் வருகிறது. வளைகுடா நாடுகளில் குடியுரிமை கிடைப்பது அரிது என்பதால், அங்கு வளரும் பிள்ளைக்கும் ஊரே கடைசிப் புகலிடம். அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளையோ பிறப்பாலேயே அந்நாட்டின் குடிமகனாகிறது. ஆனால் சிறுவயதில் அழைத்துச் செல்லப்பட்டு, பெற்றோரின் பணி விசாவைச் சார்ந்தே வளர்ந்த பிள்ளை, 21 வயதில் அந்தச் சார்புரிமையை இழக்கிறது. பேச்சாலும் பழக்கத்தாலும் அமெரிக்கரான ஒருவர் வேறு விசா தேட வேண்டும், இல்லையேல் நன்கு அறியாத ஊருக்குத் திரும்ப வேண்டும். இதைவிடக் கொடிய அடையாளச் சிக்கல் வேறில்லை.

ஊரை அறியவும் வாய்ப்பு குறைவே. அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை மே இறுதியிலோ ஜூனிலோ தொடங்குகிறது. முட்டத்தை ஒட்டிய மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடையும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான். முட்டத்துக் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று பிள்ளை பார்ப்பது பருவக்காற்றில் பொங்கும் கடலையும் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளையுமே. தாத்தனின் தொழிலை அது ஒரு நாளும் பார்த்ததில்லை.